பாய்க்குக் கொடுத்த மைசூர்பாகு

போன வாரம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கவர் கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று அடித்தது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது சோறு போடுகிற வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பொம்மைக் கார்களுக்குச் சக்கரம் மாட்டுகிறவள் நான்.

அந்த இடத்தில் முன்பு பாயின் ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. எல்லாம் சைனா சாமான். தாவுகிற தவளை, விளக்கு எரிந்துகொண்டே பாடுகிற பம்பரம். பத்து ரூபாய் இருந்தால் போதும், பிள்ளையின் அழுகை நின்றுவிடும். நான் சக்கரம் மாட்டும் கார் எனக்கே கட்டுப்படியாகாது. என் மகன் வளர்ந்ததே பாய் கடைச் சாமானில்தான். வெட்கக்கேடு, கம்பெனியில் மூச்சு விடமாட்டேன்.

எங்கள் கம்பெனி முதலாளிக்கு சைனா என்றாலே வயிறு எரியும். "இப்படியே போனா ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்" என்பார். மூடினால் எங்கள் வேலையும் அதோடு போச்சு. அதனால் வெளிநாட்டுப் பொம்மைக்கு வரி ஏற்றிய அன்று கைதட்டினோம். ஆளுக்கொரு மைசூர்பாகு பொட்டலம் கிடைத்தது.

நல்ல சேதி என்றால் தெரிந்த கடைக்காரருக்கும் இனிப்பு கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். என் புத்தியைப் பாருங்கள், வாயெல்லாம் பல்லாகப் பாயிடமே போய் நீட்டினேன்.

"இன்னா தங்கச்சி விசேஷம்? சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"சைனா பொம்மைக்கு வரி ஏத்திட்டாங்க பாய்!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயில் போட்டதை அவர் துப்பவில்லை, மெதுவாக மென்று முழுங்கினார். "உன் பொழப்பும் நடக்கணும்ல" என்றபடி ஒரு பம்பரத்தை எடுத்து என் கையில் வைத்தார். "புள்ளைக்கு எடுத்துகினு போ. இனிமே இந்த வெலைக்கு வராது."

போட்டி ஒழிந்ததும் எங்கள் கார் விலையும் ஏறியது. பாய் வேறு வழியில்லாமல் அதையே வாங்கித் தொங்கவிட்டார். ஒரு நாள் ஒரு அம்மா விலை கேட்டுவிட்டு, "இன்னா பாய், நெஜக் காரு வெல சொல்றீங்க?" என்று திருப்பி வைத்தாள். அவள் பிள்ளை அழக்கூட இல்லை. காரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன், பாவி. அந்தச் சக்கரம் நான் மாட்டியதாகக்கூட இருக்கும்.

வரி தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பாய்தான் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

பஸ் வரும்வரை பார்த்தேன். அம்மாவின் முந்தானையைப் பிடித்து அந்தக் கடைப்பக்கம் இழுக்கிற பிள்ளை ஒன்றைக்கூடக் காணோம். முன்பெல்லாம் அந்த இடத்தில் காது கிழிகிற அழுகையாக இருக்கும். அது நின்று போனதற்குத்தான் அன்றைக்கு நாங்கள் மைசூர்பாகு தின்றிருக்கிறோம்.