நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

போதை ஊசியை விட்டவர்களுக்குக் கொடுக்கும் மாற்று மாத்திரையில் என்னென்ன ஆபத்து என்று வீட்டாருக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, உங்கள் கையெழுத்துக்காக மேசையில் வைத்தேன், ஐயா. அதை ஃபைலுக்குள் செருகிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் மையத்தில் நான் பார்க்கும் இந்த வேலையில் மாத்திரை கொடுப்பது சுலபம், அது கரைகிறவரை ஆளைப் பிடித்து உட்கார வைப்பதுதான் பாடு. நெல் தரகு பார்த்து, ஊசி போட்டு, இதே வரிசையில் நின்றவன் நான். கூட நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெற்றிலை

அறுப்பு மெஷின் ஓட்டும் செல்வம் வாயில் வெற்றிலையோடு வந்தார். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்த கையோடு வெளியே போய்ப் புளிச்சென்று துப்பினார். மறுநாள் காலை உடம்பெல்லாம் குடைச்சல், மூக்கு ஒழுக வந்து நின்றார். கத்தினேன்.

"எல்லாம் சிவப்பாத்தானே இருந்துச்சு, அண்ணே? அதுல மாத்திரையை எங்கன்னு தேடுறது?"

பொய்

புதிதாக வந்த முத்துப்பேட்டைக்காரர், காலையில் ஊசி போட்டுவிட்டு, "முந்தாநாள் போட்டதுங்க" என்று டாக்டரிடம் சாதித்தார். பழைய போதை உடம்பில் இருக்கும்போது இந்த மாத்திரை போனால் அதைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் வேர்வை, வாந்தி, நடுக்கம். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"மருந்து குடுங்கன்னு வந்தா, உள்ள இருந்ததையும் புடுங்கிட்டீங்களே!"

மலச்சிக்கல்

தாராசுரத்து விவசாயி ஒருவரிடம், "வெளியே சரியாப் போகுதா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"ஆறு நாளா கடைமடைக்குத் தண்ணியே வரலைம்மா!"

மறியல்

புறவழிச்சாலைக்கு வயலை எடுக்கக் கூடாது என்று மறியல். பஸ் ஓடாது என்பதால் குமாருக்கு இரண்டு நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தோம். "இது உள்ள இருக்கும்போது குடிக்காதடா, மூச்சு அடங்கிடும்" என்று அவனிடம் சொன்னேன். அவன் மனைவி வளர்மதியிடம் யாரும் சொல்லவில்லை.

மறியலில் கைதான அவனையும் மற்றவர்களையும் விட்டதும், கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வீட்டில் மாத்திரையையும் வைத்துக்கொண்டான். மத்தியானம் கொர் கொர்ரென்று தூங்கினான். உதடு நீலமான பிறகுதான் வளர்மதி ஆட்டோ பிடித்தாள். பெரியாஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இன்னும் வார்டில்தான் கிடக்கிறான். நான் போனபோது அவள் அழவில்லை.

"குறட்டைன்னு நெனச்சு ஒரு மணி நேரம் விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் சார். ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தா படிச்சிருப்பேன்ல?"

நான் எழுதிய எட்டு ஆபத்துகளில் ஏழு வரியை வேண்டுமானால் அடித்துவிடுங்கள், ஐயா. மூச்சைப் பற்றிய வரியில் மட்டும் பேரம் கிடையாது, இன்றைக்கே கையெழுத்தைப் போடுங்கள்.