காத்தாயி வீட்டில் எத்தனை பேர்?

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது காத்தாயி தராசைப் பார்க்க மாட்டாள். கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, எதிர்மலையில் என்னவோ அதிசயம் நடப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எடை சொல்லும் குரல் காதில் விழாதபடி வாய்க்குள் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே நிற்பாள். மற்றப் பெண்கள் கால் கிலோவுக்கும் சண்டை பிடிக்கிற இடம் அது. "எத்தனைன்னு கேட்டுக்கக்கா, இல்லாட்டி ஏமாத்திப்புடுவாங்க" என்று பின்னால் நிற்பவள் இடிப்பாள். "ஏமாத்திட்டுப் போகட்டும். எனக்கு அது தெரிய வேணாம்" என்பாள் காத்தாயி.

தராசு மட்டுமில்லை, எதை எண்ணினாலும் அவளுக்கு ஆகாது. கோழி எத்தனை என்று கேட்டால் "அங்கிட்டு மேயுது" என்பாள். வயதைக் கேட்டால், "ஆனது ஆச்சு." ரொட்டி சுட்டுப் போடும்போதுகூட "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றுதான் போடுவாள். மூன்று, நான்கு என்று அவள் வாயிலிருந்து வந்ததை அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. புருஷன் அழகையா இதைக் கேலி செய்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டார். "இவளக் கட்டுன நாள்லேர்ந்து நா எத்தன அடி வாங்குனேன்னுகூட எனக்குக் கணக்கு இல்ல" என்பார்.

ஐம்பதை ஒட்டிய வயது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன கட்டைவிரல் நகம். மற்றவர்கள் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தாள் என்கிறார்கள். காத்தாயி இன்னும் படங்கு என்கிறாள். இலங்கைத் தோட்டத்தில் இடுப்பில் கட்டிய முரட்டுத் துணிக்கு அதுதான் பெயர். மழை நாளில் தேயிலைச் செடி முழுக்க நீர் நிற்கும். படங்கு இல்லாமல் வரிசைக்குள் இறங்கினால் அரைமணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். உரமூட்டையின் உள்ளுறையைக் கிழித்துச் செய்த அந்தத் தாளை அவள் தினமும் கழுவி, துடைத்து, பட்டுப்புடவையை மடிப்பதுபோல் மடித்து வைப்பாள்.

எண்ணிக்கைமேல் இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். அழகையாதான் ஒருநாள் சொன்னார். அங்கே, கடலுக்கு அந்தப் பக்கம், காத்தாயி தாவணி போட்ட புதிதில், தோட்டக்காரர்களின் வரிசை வீடான லயத்துக்கு ஓர் ஆபீசர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருக்கிறார். பெரியவர்கள் எல்லாரும் மலையில் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டதும், கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரியான காத்தாயி டக்கென்று "அஞ்சு பேர்" என்றாளாம். கல்யாணமாகிப் பக்கத்து லயத்துக்குப் போயிருந்த அக்காவை அவள் சேர்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த அஞ்சு பேரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். விண்ணப்பம், இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பிரித்துக்கொண்ட பங்கீடு என்று அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். காத்தாயிக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று: தான் சொன்ன எண்.

கூடலூருக்கு மேலே, அரசுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் இப்போது குடியிருக்கிறாள். பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை, தகரக் கூரை. தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம் இது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டுக்கூட ஒப்புக்குத்தான் தொங்குகிறது. கீழ் வரிசையில், பதிவில் பெயர் இல்லாத மகனையும் மருமகளையும் வைத்திருந்தார்கள் என்று போன மாதம் ஒரு குடும்பத்தையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை லாரியில் ஏற்றியபோது மேல் வரிசையில் யாரும் வெளியே வரவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காத்தாயி வீட்டுப் பதிவில் இரண்டு பெயர்தான். ஆனால் உள்ளே மகள் வாசுகி இருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள். அவள் புருஷன் சுரேஷுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அங்கே அவன் படுப்பதே நண்பர்களோடு ஓர் அறையில். ஆகவே வாசுகியும், இன்னும் பெயர் வைக்காத பெண் குழந்தையும் இங்கேதான். கயிற்றுக் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகுகிற இடத்தில், பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விதானம்போலக் கட்டியிருக்கிறாள் காத்தாயி. மழை அதில் விழுந்து, சரிந்து, மூலையிலுள்ள வாளிக்குப் போகும். குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்கும்.

இந்த நிலையில்தான் அந்த உத்தரவு வந்தது.

காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், சூப்பர்வைசர் சசிதரன் அதை வாசித்தான். அவனும் கப்பலில் வந்த குடும்பத்துப் பையன்தான். "அரசாங்கம் ஊரத் திருத்துறதுக்கு முந்தி தன் வீட்டத் திருத்தப் போவுதாம். ஆபீஸ், ஃபேக்டரி, ஸ்டோர், லயம், எல்லா எடத்துலயும் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்குன்னு எண்ணி, வருசக் கடைசிக்குள்ள பாதியாக்கணும். எண்ண வர்றது ஸ்கூல் புள்ளைங்க. வியாழக்கெழம வீடு வீடா வருவாங்க. வீட்டுக்கு ஒரு ஆளு இருக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"அந்தக் காயிதம் நனையாம ஒரு கவர் போட்டு வச்சிருக்கியே தம்பி, அதயும் எண்ணுவாங்களா?" என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது. சசிதரனும் சிரித்துவிட்டுக் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். காத்தாயி சிரிக்கவில்லை. வீடு வீடாக எண்ணுவார்கள் என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் நின்றது. அன்றைக்கு அவள் கிள்ளிய கொழுந்தில் பாதி முற்றல் இலை.

திட்டம் நல்ல திட்டம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ஓடையில் தண்ணீரைவிடக் கவர்தான் அதிகம் மிதக்கிறது. மாசிமாதம் கரையில் செத்துக் கிடந்த கடமானின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தபோது உப்புப் பொட்டலக் கவர்கள் சுருள் சுருளாக வந்தன. அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் கூடலூர்ப் பள்ளிக்கூடத்துப் பசுமை மன்றத்துப் பிள்ளைகள் அழுதார்களாம். எண்ணுகிற வேலையைக் கேட்டு வாங்கினார்களாம். ஆனால் பயந்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? அவளுக்குத் தெரிந்தது நோட்டுப் புத்தகம்.

வியாழக்கிழமை காலையில் முக்காலிமேல் ஏறி விதானத்தை அவிழ்த்தாள். அதற்குள் பிளாஸ்டிக் குடம், மக், எண்ணெய்க் கவர், படங்கு எல்லாவற்றையும் போட்டுச் சுருட்டினாள். சுருட்டியதை ஒரு கையிலும், குழந்தையோடு நின்ற வாசுகியின் மணிக்கட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தாள். வாசுகிக்கு ஆத்திரம். "ஏம்மா, பிளாஸ்டிக்கத்தானே எண்ண வர்றாங்க? நானும் புள்ளையும் என்னா பிளாஸ்டிக்கா?"

"எண்ண வந்தவங்க எதையும் எண்ணுவாங்கடி. மொதல்ல சட்டி பான. அப்புறம் ஆளு. நா பாத்திருக்கேன். வாய மூடிக்கிட்டு உள்ள இரு. புள்ள அழுதா மடியில போட்டுப் பால் குடு."

பிள்ளைகள் வந்தபோது மழையும் கூடவே வந்தது. ஆடி மழை. மற்றப் பிள்ளைகள் ஜூடித் டீச்சரோடு அடுத்த வீட்டில் நிற்க, காத்தாயி வீட்டுக்குள் நுழைந்தவள் வர்ஷா. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் கோயமுத்தூர்க்காரர் மகள், பதினொன்றாம் வகுப்பு. ஈரச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அழகையா அடுப்பருகே உட்கார்ந்தபடி கும்பிட்டார். கவாத்து வெட்டும்போது விழுந்து அடிபட்ட முதுகு, எழுந்தால் வலிக்கும்.

"ஏனுங்கம்மா, கவர், குடம், தாளு, எதுனாலும் பரவால்லீங்க, எடுத்துக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல பாப்பா."

"ஒண்ணுகூடவா இல்லீங்க?"

அந்தப் பெண் சுற்றிப் பார்த்தாள். மண்பானை. அலுமினியச் செம்பு. மூங்கில் கூடை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு ஓடி, "டீச்சர்! இங்க ஒரு ஊடு சுத்தமா பூஜ்யம்ங்க!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு சசிதரன் குடையோடு வந்தான். சனிக்கிழமை பெரிய ஆபீசர்கள் ஜீப்பில் வரப்போகிறார்கள், பிளாஸ்டிக்கே இல்லாத வீட்டை அவர்களுக்குக் காட்ட வேண்டும், அந்த அம்மாவைப் போட்டோ எடுத்து எல்லா அரசுத் தோட்டத்துக்கும் அனுப்பப் போகிறோம் என்று வர்ஷா மூச்சுவிடாமல் சொன்னாள். "உங்க ஊட்டத்தானுங்க இனி எல்லாரும் வந்து பாப்பாங்க!"

சசிதரன் விதானம் இருந்த இடத்தைப் பார்த்தான். போன வாரம் அதை இழுத்துக் கட்டுவதற்கு ஆணி கொடுத்தவனே அவன்தான். குடையை மடக்கினான்.

ஒளித்துவைத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள் காத்தாயி. ஒளித்ததால் ஜீப்பே வரப்போகிறது. சனிக்கிழமை வரைக்கும் தாளைக் கட்ட முடியாது, மகளைக் கூட்டி வர முடியாது. அதற்குப் பிறகும் யார் எப்போது வந்து எட்டிப் பார்ப்பார்களோ! அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து தண்ணீர் கயிற்றுக் கட்டிலின் நடுவில், குழந்தை படுக்கிற குழியில், சொட்டத் தொடங்கியது.

"ஐயோ, ஒழுகுதுங்களே! மேல ஒண்ணும் கட்டலீங்களா?" என்று வர்ஷா நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தவளின் கண்ணில் அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்த துணிகள் பட்டன. சின்னச் சின்னச் சதுரம், வெள்ளை வெள்ளையாக. "கொழந்தை இருக்குதுங்களா?"

"பழந்துணி. அடுப்புத் தொடைக்க" என்றாள் காத்தாயி. அழகையா தலையைக் குனிந்துகொண்டார்.

வர்ஷா நோட்டைப் புரட்டினாள். "கடைசிக் கேள்விதானுங்க. ஆளுக்கு எவ்வளவு குப்பைன்னு பாக்கறதுக்கு. ஊட்டுல எத்தனை பேருங்க?"

இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பதிவில் இருப்பதும் அதுதான், பத்திரமானதும் அதுதான். எண் தொண்டைக்கு வந்துவிட்டது. பேனா தயாராக நிற்கிறது. அந்தப் பெண் பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தாவணி போட்ட புதிதில் தானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றது காத்தாயிக்கு ஞாபகம் வந்தது. அக்காவின் முகம் இப்போது அவளுக்குச் சரியாக நினைவில்லை. மூக்குத்தி மட்டும்தான் நினைவிருக்கிறது.

வாயை மூடினாள். தலையில் ஒன்றும் போடாமல் மழைக்குள் இறங்கி நடந்தாள்.

"கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றாள் வர்ஷா பயந்துபோய்.

திரும்பி வந்தபோது காத்தாயி கட்டியிருந்த சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னால் வாசுகி, கறுப்புத் தாளைத் தலைக்குமேல் பிடித்தபடி. காத்தாயி கையில் குழந்தை, படங்கில் சுற்றியபடி. படங்கின் மேலெல்லாம் மழைத்துளி. உள்ளே குழந்தை ஈரம் படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நேரே வந்து வர்ஷாவின் நோட்டுக்கு முன்னால் நின்றாள். சசிதரனை ஒருமுறை பார்த்தாள். லயத்துப் பதிவேடு அவன் பொறுப்பு. அவன் வாசல் பக்கம் திரும்பி நின்று, எதிர்மலையில் என்னவோ அதிசயம் நடப்பதுபோல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுது பாப்பா" என்றாள் காத்தாயி.

கறுத்த நகமுள்ள அந்த விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள். "ஒண்ணு." அடுப்பருகே இருந்தவரைக் காட்டினாள். "ரெண்டு." மகளின் தோளைத் தொட்டாள். "மூணு." பிறகு படங்கை விலக்கி, குழந்தையின் நெற்றியில் விரலை வைத்தாள். "நாலு." பேனா நோட்டில் ஓடி நிற்கும்வரை அந்த விரலை அவள் எடுக்கவில்லை.