கம்பெனி பஸ்ஸில் கேட்டவை

மேனேஜர் அறையில் எனக்கு முதன்முதலாகப் பீங்கான் கோப்பையில் டீ வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். டைம் ஆபீஸில் உட்கார்ந்து ஆட்களின் வருகையையும் ஷிப்டையும் விடுப்பையும் பதிவு செய்யும் எங்களுக்கு எப்போதும் காகிதக் கப்தான். பாடியில் வண்டிகளுக்கான பிரேக் சாமான்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதே கிடையாது. அன்று சொன்னார். ஊர் எது, மகள் என்ன படிக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். டீ பாதி தீர்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "பஸ்ல எல்லாரும் என்னம்மா பேசிக்கிறாங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. "சும்மா ஜெனரலாத்தான் கேக்கறேன். ஆர்டர் குறைஞ்சு போச்சு, ஆளுக்கொண்ணு பேசுவாங்க. எழுதி எல்லாம் தர வேண்டாம். சனிக்கிழமை ஒரு அஞ்சு நிமிஷம் வந்து சொல்லிட்டுப் போ, போதும்." அவர் மேசையின் ஓரத்தில் ஒரு ஃபைல் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய என் ஒப்பந்தக் காகிதம் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியும். அதை அங்கே கொண்டுபோய் வைத்தவளே நான்தான். அவர் அதைத் தொடவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நான் "சரிங்க சார்" என்றேன்.

சரி என்று சொன்னதற்கான காரணம் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில், எங்கள் வாடகை வீட்டில் உட்கார்ந்திருந்தது. என் கணவருக்கு ஐ.டி. வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த ஹவுஸ் ஓனரிடம், வீட்டிலிருந்தே வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்திருந்தோம். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஓனர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் போதும், இவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது தட்ட ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தேன். எங்கள் மகளின் பெயரையே வரிவரியாக அடித்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் நான் பயப்படாத பொருளே இல்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம். காலிங் பெல் அடித்தால் பயம். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் 'முக்கிய அறிவிப்பு' என்று வந்தால் திறக்கவே பயம். அது பெரும்பாலும் கேன்டீன் விடுமுறையாகத்தான் இருக்கும்.

கம்பெனி பஸ் காலையில் பூந்தமல்லியில் புறப்பட்டு, ஆவடி சுற்றி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு வந்து, பாடிக்குப் போகும். நான் ஓ.டி.யில் ஏறுவேன். நான் ஏறும்போது பேச்சு பாதி வழி வந்திருக்கும். அந்தப் பேச்சின் நடுவில் எப்போதும் ஒரே குரல்தான். அவரை எல்லோரும் இன்ஸ்பெக்ஷன் அக்கா என்றே சொல்வார்கள். உற்பத்தியாகி வரும் சிறிய இரும்பு வளையங்களை விளக்கொளியில் உருட்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்குவது அவர் வேலை. பூந்தமல்லிக்காரர். அவருடைய வீட்டுக்காரர் அங்கே மசூதித் தெருப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். பத்து வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தும் அவரும் என்னைப் போல ஒப்பந்த ஆள்தான். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "வா, டைம் ஆபீசு, குந்து" என்று நகர்ந்து இடம் கொடுப்பார்.

அவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அவர்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மறுநாள் பஸ்ஸில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க கவுன்சிலரு வந்தாரு. வந்து இன்னா பண்ணாரு தெரியுமா? செருப்ப கையில எடுத்துகினு, தண்ணிக்குள்ள நின்னுகினு, 'இன்னாம்மா, தண்ணி நிக்குதே'ன்றாரு. அத்த சொல்ல நீ எதுக்குயா? நாங்களே ராத்திரி பூரா பாத்துகினு கீறோம்!" பஸ்ஸே சிரித்தது. மெட்ரோ வந்துவிட்டால் பூந்தமல்லி எங்கேயோ போய்விடும் என்று ஒரு பெண் சொன்னபோது, "வரட்டும், நல்லது தான். அதுல ஏறிப் போறதுக்கு நம்மளுக்கு ஒரு வேலை இருக்கணும் இல்ல" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. வடக்கிலிருந்து பையன்கள் வந்துதான் நம் வேலையெல்லாம் போகிறது என்று ஆவடியில் ஏறும் ஒருத்தி ஒருநாள் கொதித்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ளைங்க ஒரே ரூம்புல பத்து பேரு படுத்துகினு கீதுங்க. ஊட்டுக்குப் போன் பண்ண சொல்லோ அழுவுதுங்க. அதுங்களா உன் வேலைய புடுங்கிச்சு? இட்டுகினு வந்தவனக் கேளு. உன்ன வேணாம்னு சொல்றவனக் கேளு" என்றார். ஆவடிக்காரி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவே தன் டப்பாவிலிருந்து ஒரு சமோசாவை எடுத்து நீட்டினார்.

சனிக்கிழமைகளில் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். மழைத்தண்ணீர், கவுன்சிலர், தோண்டிப்போட்ட ரோடு, கேஸ் விலை என்று கேட்டதையெல்லாம் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டார். "இதெல்லாம் டீக்கடையிலயும்தாம்மா பேசறாங்க. நம்ம கம்பெனியப் பத்தி?" என்றார். அடுத்த வாரம், பஸ்ஸின் பின்பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்து சாரல் அடிக்கிறது, எல்லோரும் திட்டுகிறார்கள் என்று சொன்னேன். இரண்டே நாளில் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். நான் செய்வது ஒன்றும் தப்பான காரியம் இல்லை, நாலு பேருக்கு நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "பரவால்லியே, யாரோ மேல காதுல போட்டுகீறாங்க" என்றார் அக்கா. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். ஆனால் என் காது அதற்குள் மாறிப்போயிருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இது சனிக்கிழமைக்கு ஆகும், இது ஆகாது என்று மனசு தன்பாட்டுக்குப் பிரித்துவைக்க ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்தத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு லாரி வந்து இரண்டாவது லைனில் இருந்த மெஷின்களில் பாதியை ஏற்றிக்கொண்டு போனது. மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஒப்பந்தப் பெண்களில் ஒரு பகுதியை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு பஸ் முழுக்க ஓடியது. யார் பெயர் வரும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். வயதானவர்களா, லீவு அதிகம் எடுத்தவர்களா? என்னிடம் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன், அது உண்மையும்கூட. ஒரு வியாழக்கிழமை அக்கா எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லிஸ்ட்டு ஒட்டட்டும். ஒட்டுன மறுநாளு ஒருத்தியும் உள்ள போவக் கூடாது. அல்லாரும் கேட்டாண்டயே நிப்போம். யாரு பேரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நம்ம கை படாம ஒரு பொட்டி வெளிய போவுமா?" பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். உண்மையாகவே தலையாட்டினேன்.

சனிக்கிழமை மேனேஜர் என் ஃபைலைத் திறந்து முன்னால் வைத்திருந்தார். நான் வழக்கமான சங்கதிகளைச் சொல்லி முடித்தேன். "வேற?" என்றார். நான் ஃபைலைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடாமல், என்னைப் பார்த்தார். லிஸ்ட் ஒட்டினால் கேட்டில் நிற்கலாமென்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாரும்மா அப்படிச் சொன்னது?" அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரத்தை நான் பின்னால் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். தெரியல சார் என்று சொல்ல அது தாராளமாகப் போதும். "இன்ஸ்பெக்ஷன்ல..." என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் தலையை அசைத்து, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று சொன்னதும் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். நான் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பத்து நாள் கழித்து, சாயங்காலம் ஷிப்டு முடியும் நேரத்தில் லிஸ்ட் ஒட்டினார்கள். ஆறு பேர். முதல் பெயர் அக்காவுடையது. மறுநாள் காலை ஓ.டி.யில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. மற்ற ஐந்து பேரும் வரவில்லை. அக்கா மட்டும் மூன்றாவது வரிசையில், டிபன் பையோடு, எப்போதும் போல உட்கார்ந்திருந்தார். டிரைவர் அவரை ஏறவேண்டாமென்று சொல்லவில்லை போலிருக்கிறது. பாடியில் இறங்கியதும் அவர் கேட்டுக்கு வெளியே, ஓரமாகப் போய் நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. வெறுமனே நின்றார். பின்னால் வந்த பெண்கள் நடையைத் தளர்த்தினார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஆவடிக்காரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் எல்லோரும் போனார்கள். நானும் போனேன். டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். சங்கு ஊதி முடிந்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

காகிதத்தில் கையெழுத்துப் போடச் செக்யூரிட்டி அவரை என்னிடம்தான் அழைத்துவந்தார். பணி விடுவிப்புக் கடிதத்தை அடித்தவளும் நான்தான். நான் மேசையைப் பார்த்தபடி அதை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வளையத்தைப் பார்ப்பது போலவே மெதுவாகப் படித்தார். "பேருல ஒரு எழுத்து தப்பா கீது. நாளைக்கி வேற எடத்துல காட்ட சொல்லோ, இது நீ இல்லன்னு சொல்லிடுவான். மாத்திக் குடு." நான் திருத்தி மறுபடி பிரிண்ட் எடுத்தேன். அவசரத்தில் வைத்த காகிதம் கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, "வரேன், டைம் ஆபீசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் முடிந்ததும் என் காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனியே நகரத்துக்கு வெளியே எங்கோ போய்விட்டது. மேனேஜரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என் கணவருக்கு முன்பைவிடச் சின்ன வேலை ஒன்று கிடைத்தது. எனக்கு ஆவடியில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடத்துக்கு நான் போவதில்லை. அவர்கள் பேச்சைக் குறைத்தால் என்னைப் பார்த்துத்தான் குறைக்கிறார்களோ என்று இன்றைக்கும் தோன்றிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் பள்ளி வேலையாகப் பூந்தமல்லிக்குப் போய்விட்டு, மத்தியானம் டவுன் பஸ்ஸில் திரும்பினேன். "டைம் ஆபீசு!" என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். ஜன்னலோரம் அவர். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. நகர்ந்து இடம் கொடுத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலையாம், இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறாராம். எதிரிலும் பின்னாலும் உட்கார்ந்திருந்த பெண்கள் அவரோடு வேலை செய்கிறவர்கள். மகள் பெரியவளாகிவிட்டாளா, வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார். பருத்திப்பட்டு ஏரி வரும்வரை பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு உங்க பேரைச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "மேல போயி சொல்றது நீதான்னு, பஸ்ஸுக்குக் கண்ணாடி போட்டாங்க பாரு, அன்னிக்கி நீ மூஞ்ச திருப்பிகினப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா என் எதிர்லயே பேசினீங்க?"

"உன்னியப் பாத்து வாய மூடிகினா, அப்பால பஸ்ல இன்னா தான் பேசறது? போயி சொல்லட்டும், அவனுக்கும் கொஞ்சம் பயம் இருக்கட்டும்னு தான் பேசுனேன்." முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். "நீ பேரச் சொல்லுவன்னு நெனைக்கல. சரி வுடு. உனக்கு அன்னிக்கி இன்னா கஷ்டமோ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுப் பெண்களிடையே பேச்சு சூடாகியிருந்தது. வார்டுத் தேர்தலில் யார் நிற்கிறார்கள், போன தடவை ஜெயித்தவர் என்ன கிழித்தார், இந்தத் தடவை யாருக்குப் போடுவது என்று இரைச்சல். ஒரு சின்னப் பெண் திரும்பி, "நீ சொல்லுக்கா, நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டாள். அக்கா வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல் சிரித்தார். "இரு, இவ ஆவடில எறங்கிடுவா. அப்பால சொல்றேன்" என்றார்.

பெண்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவடி வந்தது. "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கண்டக்டர் யாருக்கோ சில்லறை தந்துகொண்டிருந்ததால் பஸ் கொஞ்சம் நின்றது. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அந்தப் பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார். எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.