தானாக ஓடிய தையல் மிஷின்

எங்கள் சித்தப்பா இறந்த பிறகும் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் நம்பினார்கள். நம்பாதவர் பாடாலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா ஒருவர்தான். அவருக்குத் தன்னைத் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது.

அது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய மிஷின். கரண்டில் ஓடும். தரையில் கிடக்கும் சின்னப் பெடலைக் காலால் அழுத்தினால் ஊசி பறக்கும். லீவில் வந்தால் சித்தப்பாவுக்கு ஒரே விளையாட்டுதான். சித்தி துணியை வைத்து நூலைச் சரிபார்க்கும் நேரம் பார்த்து, ஓசைப்படாமல் மேசைக்கடியில் கையை விட்டுப் பெடலை அழுத்துவார். சித்தி பதறிக் கையை எடுப்பாள். பிறகு அளவுகோலால் அவர் முதுகில் ஒன்று வைப்பாள்.

மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனதும், சித்தி மிஷினோடு அரியலூர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ரவிக்கை தைத்துத் தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்பது அவள் வைராக்கியம். அதிகம் பேச மாட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சித்தி சுவிட்சைப் போட்டாள். பெடலில் கால் வைக்கும் முன்பே மிஷின் ஓடியது. அணைத்துப் போட்டாள், மறுபடியும் ஓடியது. வெயில் ஏறியதும் ஒழுங்காகச் சொன்னபடி கேட்டது. மறுநாள் ஈரக்காற்றில் பழையபடி ஆரம்பித்தது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சித்தியோ கன்னத்தில் கையை ஊன்றி மிஷினைப் பார்த்துச் சிரித்தாள்.

மனசு ஆறாமல் அலைகிறார் என்று அம்மா முடிவு கட்டி, மகாளய அமாவாசையன்று மிஷினுக்கு முன்னால் இலை விரித்துப் படையல் போட்டாள். வடை, பாயசம், சித்தப்பாவுக்குப் பிடித்த கடலைமிட்டாய் எல்லாம் இருந்தன. மழை இருட்டாக இருந்ததால், மிஷினில் இருந்த குட்டி பல்பையாவது எரியவிடலாம் என்று சுவிட்சைப் போட்டவளும் அம்மாதான். கற்பூரத்தின் முன்னால் ஊசி கடகடவென்று இறங்கி ஏறியது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அப்பாதான் முதலில் வாசலுக்கு ஓடினார்.

மிஷின் இனி வீட்டில் இருக்கக் கூடாது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டும் என்றாள் அம்மா. சித்தி குரலை உயர்த்தவில்லை.

“மிஷின் போனா நானும் போறேன்க்கா.”

சித்திக்குப் போக வேறு வீடு கிடையாது. பயந்துபோன அப்பா மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெடலைக் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி, காய்ந்த ஏரி மாதிரி உடம்பெல்லாம் வெடித்து, கரி படிந்து கிடந்தது. அது கண்டென்சராம். மிஷின் ஓடும்போது டிவியில் கோடு கோடாக வராமல் தடுப்பது அதன் வேலையாம். வெடிப்பில் ஈரம் புகுந்தால் பெடலைக் கேட்காமலே கரண்டு அதன் வழியாகப் போய்விடுமாம். மாமா தன் டப்பாவிலிருந்து அதே அளவில் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். நம் கரண்டு இருநூற்று முப்பது, இது இருநூற்றைம்பது தாங்கும் என்று சொல்லி, தேர்தலில் ஜெயித்தவர் போலப் புறப்பட்டுப் போனார்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு மிஷின் தானாக முழு வேகத்தில் ஓடியது. சித்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

“உங்க சித்தப்பா கண்டென்சரையே ஒடச்சிட்டாரு பாரு,” என்றாள் அம்மா.

மாமாவுக்கு மானம் போயிற்று. திருச்சியில் யாரையோ விசாரித்துவிட்டு வந்தார். அந்த இருநூற்றைம்பது பேட்டரிக் கரண்டுக்குச் சொன்ன கணக்காம். வீட்டுக் கரண்டு ஏறி இறங்கும்போது முன்னூறையும் தாண்டுமாம். கரண்டு லைனிலேயே நிற்பதற்கென்று X2 முத்திரை போட்ட கண்டென்சர் தனியாக இருக்கிறதாம். முதலில் கழற்றிப் போட்ட அந்த மஞ்சள் பெட்டியை எடுத்துக் கட்டைவிரலால் கரியைத் தேய்த்தார். அடியில் அதே X2 தெரிந்தது. மாமா அதை யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

புதியதைப் போட்டு முடித்ததும் சித்தி கேட்டாள்.

“இனிமே தானா ஓடவே ஓடாதாண்ணே?”

“நீ மிதிச்சாத்தான் ஓடும். எழுதியே தரேன்.”

சித்தி தலையாட்டினாள். மிஷின் வீட்டில் தங்கியது, சித்தியும் தங்கினாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சித்தி சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி மடித்துக்கொண்டு, ஊசியையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மழை நாட்களில் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாள். ஊசி அசையாது. மாமா முதலில் போட்ட கண்டென்சர் வெடித்ததால் அவர் வேலைமேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

“பயப்படாத சித்தி. இனிமே ஓடாது.”

சித்தி என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

“ஆமாண்டி. ஓடாது.”

பிறகு காலை இறக்கிப் பெடலில் வைத்தாள். அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்ட பெருமையோடு நான் பள்ளிக்கூடம் போனேன்.