ஒரு கன்னத்துச் சந்தனம்

போன வருஷம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவுடையார்கோவிலில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து கார் கிளம்பியது முதல் என் நினைப்பில் மகளும் இல்லை, பின்னால் அடுக்கியிருந்த சீர்த்தட்டும் இல்லை. இரண்டு காதோரத்தையும் தடவித் தடவிப் பார்த்தபடியே வந்தேன்.

காரணம் உண்டு. அவள் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு எனக்குப் புழுவெட்டு வந்தது. முதலில் உச்சியில் பொட்டளவு ஒரு வட்டம். பிறகு வட்டத்தோடு வட்டம் சேர்ந்து, சீப்பிலும் தலையணையிலும் குளியலறைத் தரையிலும் முடி கழிந்துகொண்டே போய், கடைசியில் புருவமும் போனது. உயிருக்கு ஒன்றும் இல்லையம்மா என்றார் டாக்டர். உயிர் இருக்கும்போதே முகம் போவதை அவரிடம் எப்படிச் சொல்ல? விக் வாங்கினேன். பரம்பரையாக வருமா, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் வருமா என்று சம்பந்தி வீட்டில் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். அந்த வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே, கட்டியவனிடமும் சொல்லாதே என்று மகளின் வாயைக் கட்டினேன்.

தலையை விக் மறைத்தது. புருவத்தை என்ன செய்வது? அதற்குத்தான் கறுப்பில், பட்டை ஃப்ரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ரேமின் மேல்விளிம்பு வந்து உட்காரும். ஸ்டைலாக இருக்கிறது என்று தெருவில் சிலர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் ஃப்ரேம் பட்டையென்றால் காதில் மாட்டும் கால்களும் பட்டை. விக்குக்கு மேலே மாட்டினால் முடி இரண்டு பக்கமும் இறக்கையாக விரியும். அடியில் செருகினால் விக்கின் ஓரம் எழும்பும். மகள்தான் வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தாள்: முடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் வலைத்துணியின் மேல் கண்ணாடிக் காலைப் படுக்க வைத்து, முடியை இறக்கிவிட வேண்டும். மெல்லிய கம்பி ஃப்ரேமாக மாற்றிவிட்டால் தொல்லையே இல்லை என்றும் சொன்னாள். போட்டுப் பார்த்தேன். கம்பி ஃப்ரேமுக்குப் பின்னால் என் முகம் அழித்த கரும்பலகை மாதிரி இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஆள் நிறைந்திருந்தது. மேலே சுற்றிய ஃபேன் புழுக்கத்தைத்தான் கலக்கிக்கொண்டிருந்தது. விக்குக்குள் வியர்வை ஊர்ந்தது. மகள் மாலையோடு நாற்காலியில் இருந்தாள். வந்து வந்து சந்தனம் பூசி வளையல் போட்டுப் போனார்கள். நான் சுவரோரம், தலையை அதிகம் அசைக்காமல் நின்றேன்.

சம்பந்தி அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "என்னங்க சம்பந்தி, பொண்ணுக்கு அம்மா வெறுந்தலையோட நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க." நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் கையில் இருந்த மல்லிகைச் சரத்தை மடித்து, என் பின்னந்தலையில் ஹேர்பின் போட்டுக் குத்திவிட்டார். ஈரப் பூ. நல்ல கனம். விக் அரை விரல் பின்வாங்கியது எனக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்தது என் முறை. சந்தனத்தைத் தொட்டு மகளின் வலது கன்னத்தில் பூசினேன். குனிந்ததில் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. விரலெல்லாம் சந்தனம். மணிக்கட்டால் கண்ணாடியை மேலே தள்ளினேன். கண்ணாடிக் கால் விக்கின் ஓரத்துக்கு அடியில் புகுந்து நெம்பியது. பூவின் கனம் பின்னால் இழுத்தது. நான் நிமிர்ந்தபோது விக் மல்லிகையோடு எனக்குப் பின்னால் தரையில் கிடந்தது. கண்ணாடி மகளின் மடியில்.

வளையல் சத்தம் நின்றுபோனது. யாருடைய கையிலோ செல்போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. முடியில்லாத தலை, புருவமில்லாத நெற்றி, சுபகாரியம் நடக்கும் கூடத்தின் நடுவே. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினேன். அந்த வீட்டுத் தரை என்னை விழுங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது.

"அடியாத்தி, டோப்பாவா?" என்றது ஒரு கிழக்குரல்.

"சும்மா இருங்க அத்தே. ஒங்க பல்லுசெட்டு பந்தியில எலையில விழுந்தப்ப நாங்க யாராச்சும் வாயத் தெறந்தோமா?" இது சம்பந்தி அம்மா. சொல்லிக்கொண்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீங்க எங்க போறீங்க? ஒரு கன்னத்துக்குத்தான் பூசியிருக்கீங்க. இன்னொண்ண யாரு பூசுறது?"

"கண்ணு தெரியலைங்க" என்றேன்.

மகளின் மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்து, அவரே எனக்கு மாட்டிவிட்டார். நடுவில் விக் இல்லாததால் கண்ணாடி காதில் அழுத்தமாக உட்கார்ந்தது. முந்தானை எப்போதோ சரிந்திருந்தது. மகளைப் பார்த்தேன். அவள் கண்ணீர் வலது கன்னத்துச் சந்தனத்தில் கோடு போட்டிருந்தது. இடது கன்னத்தில் கோணலாகப் பூசி, வளையலும் போட்டுவிட்டேன்.

திரும்பும்போது மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். விக் என் கைப்பையில் இருந்தது. வல்லத்திராக்கோட்டையைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள். "அப்பாடா. இனிமே ஒன் காதோரத்தையே பார்த்துக்கிட்டு இருக்க வேணாம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அர்த்தம் விளங்கியது, சில நாள் கழித்துப் படங்கள் வந்தபோதுதான். விக் விழுவதற்கு முன் எடுத்த ஒரு படத்திலும் அவள் தன் கை வளையலைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கவில்லை. யாரோ கன்னத்தில் சந்தனம் பூசுகிறார்கள். அவள் கண் அவர்கள் தோளைத் தாண்டி, சுவரோரம் நிற்கும் என் காதோரத்தில் இருக்கிறது. தன் வளைகாப்பில், வயிற்றுப் பிள்ளையோடு, என் விக்குக்குக் காவல் இருந்திருக்கிறாள். அதற்கு முந்தைய மாதங்களில், புருஷன் பக்கத்திலும் என் ரகசியத்துக்கு அப்படித்தானே காவல் இருந்திருப்பாள்?

இப்போதும் வெளியே போகும்போது விக் வைத்துக்கொள்கிறேன். கம்பி ஃப்ரேமுக்கு மாறிவிட்டேன், புருவத்தைப் பென்சிலால் எழுதுகிறேன். சம்பந்தி அம்மா வந்தால் விக்கை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேச உட்காருவேன். பரம்பரையா என்று அவர் இதுவரை கேட்டதில்லை. அன்று ஊர் முன்னால் தலை திறந்த கூச்சமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் என் காதோரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் பெண்ணின் கண்களைத்தான் என்னால் இன்னமும் நேராகப் பார்க்க முடியவில்லை.