அடித்தண்ணீருக்கு நாலு விரல் வழி

எங்கள் தீவில், இறுப்பிட்டியில், வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண் அணை இருக்கிறது. அணையின் நடுவில் ஒரு மதகு. அதில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரும்புச் சட்டத்தால் இறுக்கிய ஏழு பலகைகள். சட்டத்துக்கு ஒரு பூட்டு. பூட்டின் திறப்பு என் அக்கா கோபிகாவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் தாலி என்று நினைத்துத் திரும்பிப் போனதாக நான் ஊரில் பரப்பிய கதை பொய். மற்றதெல்லாம் உண்மை.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பு அந்தத் திறப்பை அவளிடம் கொடுத்தது திறமையைப் பார்த்தல்ல. மழைக்குள் நின்று நனைய வேறு ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் காற்று மாறிய நாட்களில் கடல் அணைக்கு மேலால் ஏறி உள்ளே வந்து, மதகடியில் தேங்கி நின்றது. பிறகு ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. வயலில் நெல் முளைத்திருந்தது. எங்களுக்கு வருடத்துக்கு ஒரே போகம்தான். சனம் மதகடிக்கு ஓடிவந்து, உள்ளங்கையால் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தது. நல்ல தண்ணீர்! தீவில் அந்த ருசியைக் கண்டவன் அதற்குப் பிறகு ஒன்றும் யோசிக்கமாட்டான். ஒரு பலகையும் அசையக்கூடாது என்று அங்கேயே முடிவாயிற்று.

அக்கா மட்டும் ஒரு சோடாப் போத்தலில் கல்லைக் கட்டி, தக்கைக்கு வேறு நூல் கட்டி, தண்ணீரின் அடிவரை இறக்கினாள். அங்கே வைத்துத் தக்கையை இழுத்தாள். போத்தலில் ஏறி வந்தது அசல் கடல்தண்ணீர். உப்புத்தண்ணீர் பாரமானது, கீழே படுத்துவிடும். மழைத்தண்ணீர் அதன் மேல் பாய் விரித்துக்கொள்ளும். மறுபடி பெய்தால் மேலே நிற்கும் நல்ல தண்ணீர்தான் பலகைக்கு மேலால் வழிந்து போகும். உப்பு அசையாமல் கிடந்து வயலுக்குள் ஊறும்.

அமைப்பின் தலைவர் சரவணமுத்து மாமா போத்தலை மணந்து பார்த்தார்.

"இது உம்மட தம்பியின்ர வேலை. கோயிலில என்ர தேத்தண்ணிக்குள்ள உப்புப் போட்டவன், போத்தலுக்குள்ள போடமாட்டானோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மதகே உடைந்திருக்க வேண்டும்.

"அப்ப நீங்களே இறக்கிப் பாருங்கோ, மாமா."

இறக்கினார். குடித்தார். துப்பினார்.

"கரிக்குதுதான். அதுக்காக மழைத்தண்ணியைக் கடலுக்கு விடுறதோ, பிள்ளை? பிறகு மழை பெய்யாட்டி?"

"பெய்யாட்டி நெல் கருகும். இதை வைச்சிருந்தா, பெய்தாலும் கருகும்."

"கருகினா நீர் திறப்பைத் தரவேணும்."

"ஓம், தாறன்."

அன்று பின்னேரம் கடல் வற்றத் தொடங்கியதும், பூட்டைத் திறந்து, வான் வண்டியின் சில்லுக் கழற்றுகிற ஜக்கைச் சட்டத்துக்குக் கீழே வைத்து, ஏழு பலகையையும் ஒன்றாக நாலு விரல் அளவுக்குத் தூக்கினாள். நாலே விரல். அடித்தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. முதலில் கறுத்தச் சேறு. பிறகு கிழிந்த சொப்பிங் பைகள், மருந்துப் போத்தல்களின் லேபிள்கள், பூச்சிமருந்து நாற்றம். ஒரு வருடமாக வயல் விழுங்கியதெல்லாம் அதற்குள் இருந்தது. கடல் திரும்பி ஏறுவதற்கு முன் பலகையை இறக்கிவிட்டாள். மூன்று நாள் அப்படியே செய்தாள். உப்புப் போனது; அதோடு நல்ல தண்ணீரிலும் பாதி போனது.

பிறகு பதினொரு நாள் வானம் ஒரு துளியும் சிந்தவில்லை. "கடலுக்குத் தண்ணி வார்த்த பிள்ளை வீடு இதுதானோ?" என்று எங்கள் வீட்டு வாசல் படலையடியில் சத்தமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். பயிரின் நுனி மஞ்சளடித்தது. பதினோராம் நாள் அவள் குசினி அடுப்படியில் இருந்து, சாம்பல் போட்டு அந்தத் திறப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது துருவோடு கொடுக்கக்கூடாதாம். என்னிடம் நல்ல பகிடி ஒன்று கைவசம் இருந்தது. சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் கொட்டியது. மதகடி நிரம்பியது. சரவணமுத்து மாமா குடையோடும் சொந்தப் போத்தலோடும் வந்தார். அடிவரை இறக்கினார், இழுத்தார், ஒரு மிடறு வாயில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கினார்.

"பிள்ளை, இனி எத்தனை விரல் தூக்கவேணும்?"

"இனித் தேவையில்லை, மாமா. இறுக்கிப் பூட்டுவம்."

அக்காதான் பூட்டினாள்.

தையில் எங்கள் வயல்வெளி முழுக்க நெல் அறுத்தோம். அக்காவின் பெயரை ஒருவரும் அறுவடை விழா மேடையில் சொல்லவில்லை. ஆகவேதான் நான் எழுதுகிறேன். திறப்பு அவள் கழுத்தில்தான் இருக்கிறது. மாமாவின் சைக்கிளில் கல் கட்டிய போத்தல் ஒன்று எப்போதும் ஆடுகிறது. மழை விட்டதும் அடித்தண்ணீரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அக்கா சொல்வதை அப்படியே நம்புகிறார். தேத்தண்ணியை மட்டும் முதலில் என்னைக் குடித்துக் காட்டச் சொல்கிறார்.