மைக்கண்ணன் படித்த பலகை

பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தவர்கள் கொஞ்சம், கேட்டவர்கள் ஏராளம். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்க மைக்கில் சொல்வதுதான் வேலை. கண்டக்டர்கள் ‘மைக்கண்ணன்’ என்பார்கள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்தான். அதனால் லீவு என்றாலே மனிதருக்கு ஆகாது.

எண்கள் என்றால் அப்படி ஒரு பைத்தியம் அவருக்கு. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். எதிரே தொங்கிய கால அட்டவணையை அவர் நிமிர்ந்து பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. அந்தத் திறமைதான் அவருக்குக் குழி தோண்டியது. சிறுவயதில் அடிபட்ட வலது கண் எப்போதோ கணக்கிலிருந்து போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே உறைக்கவில்லை. ஒருநாள் டைம் கீப்பர், “அண்ணே, மேடை மாறிடுச்சு, இதைச் சொல்லிடுங்க” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். சீட்டின் நடுவில் எழுத்தே இல்லை, புகை மாதிரி ஏதோ படிந்திருந்தது. மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“சர்க்கரையால விழித்திரை நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்கு” என்றார் கண் டாக்டரம்மா. “ஊசி போட்டா வீக்கம் வடியும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது. வீக்கம் எத்தனை நாளா இருந்திருக்கோ, சர்க்கரையை நீங்க எப்படி வச்சுக்கிறீங்களோ, அதைப் பொறுத்துதான். ஏற்கெனவே லேட்டா வந்திருக்கீங்க. இனி ஊசியை மட்டும் விட்டுடாதீங்க.”

மைக்கண்ணனுக்கு ஒரே பயம்தான். கண் போனால் கூண்டு போகும். கூண்டு போனால் அப்புறம் யாரிடம் பேசுவது?

முதல் ஊசி பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அடுத்த முறை போனபோது ஊசிக்கு முன்னால் கண் பரிசோதனை. சுவரில் எண் பலகை, மேலே பெரிய எண்கள், கீழே போகப் போகப் பொடி எண்கள். காத்திருக்கும் பெஞ்சு அந்த அறைக்குள்ளேயே இருந்தது. முன்னால் போனவர் கடைசி வரி வரை கணீரென்று படித்தார். அது போதாதா நம் ஆளுக்கு?

தன் முறை வந்ததும் மேல் இரண்டு வரியைப் பார்த்துத்தான் படித்தார். மூன்றாவதில் புகை. ஆனால் வாய் நிற்கவில்லை. வண்டி எண் சொல்லும் அதே ராகத்தில் கடைசி வரை போய்விட்டது. பரிசோதனை செய்த பெண் கைதட்டியே விட்டாள். “சபாஷ் அங்கிள்! ஒரே ஊசியில இவ்வளவா!”

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்து யோசித்தார். “கொஞ்சம் நீர் இன்னும் இருக்கு. ஆனா பார்வைதான் இவ்வளவு ஏறிடுச்சே. ஊசியை நிறுத்தி வச்சுப் பார்ப்போம்.”

அங்கேயாவது வாயைத் திறந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் ஓயாமல் சொல்கிறவர், தனக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் ஊமையாகிவிட்டார். அடுத்த முறையும் அதே ராகம், அதே சபாஷ். அதற்கடுத்த முறை போவதற்குள், சாயம் போன பலகையைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். இப்போது மேல் வரியிலும் புகைதான். மைக்கண்ணன் பழைய பலகையை ஒரு எண் பிசகாமல் ஒப்பித்தார்.

சபாஷ் வரவில்லை.

“அங்கிள்... நீங்க சொன்ன நம்பர் எதுவுமே இதுல இல்லையே.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்க கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறேன்னு நெனச்சேன். இத்தனை நாளும் உங்க ஞாபகசக்திக்குப் பார்த்திருக்கேன்! வீக்கம் முன்னைவிட அதிகமாயிடுச்சு. நடுவுல நரம்பு சேதமாயிருக்கு. போன பார்வை போனதுதான், வராது. ஏன் இப்படிப் பண்ணீங்க?”

மைக்கண்ணன் தலை குனிந்துகொண்டார். “நாள் பூரா பேசுறேன் டாக்டரம்மா. யாரும் திருப்பி ஒரு வார்த்தை பேசினதில்ல. இந்தப் பொண்ணுதான் சபாஷ்னு சொல்லிச்சு. தெரியலன்னு சொன்னா அந்தக் குரல் வாடிப்போயிடுமேன்னு...”

டாக்டரம்மாவின் கோபம் அதோடு வடிந்தது. “சரி. இருக்கிறதையாவது காப்பாத்துவோம். இன்னைக்கே ஊசி. இனி தனியா வரக் கூடாது. தேதி வந்தா ஞாபகப்படுத்தி, உங்களைக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும். அவங்க நம்பரைக் கொடுங்க.”

அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். எத்தனையோ வண்டி எண்களை மனதில் வைத்திருந்த மனிதர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரு நம்பரைச் சொன்னார். சரிதானா என்று பார்க்க அவள் உடனே அடித்துப் பார்த்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“யாரும் எடுக்கலையே அங்கிள். யாரோட நம்பர் இது?”

“என் கூண்டுல இருக்கிற போன்மா” என்றார் அவர். “நான்தான் எடுக்கணும்.”